முதற் கிண்ணம்

தில்லிக்கு வரும் தமிழர் எவரும் செங்கோட்டையைப் பார்க்காமல் ஊர் திரும்புவதில்லை. தில்லியிலேயே குடியேறிவிட்ட நாமோ, ஊரிலிருந்து வரும் உறவினரை அழைத்துக்கொண்டு ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது லாகூர் வாயிலின் வழியே உள்ளே போய் வருகிறோம். அக்கோட்டையையும் அதனை ஒட்டிய ஷாஜகானாபாத் நகரையும் எழுப்பிய ஷாஜகான் மன்னரைப் பற்றித் தாஜ்மகாலோடு சேர்த்துப் பல கதைகள் சொல்கிறோம். ஆனால் அவருடைய இளமையில் நடந்த ஒரு நிகழ்ச்சியைப் பெரும்பாலும் சொல்வதில்லை. பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர் அனைவரும் அறிந்துகொள்ள வேண்டிய நிகழ்ச்சி அது.

1616ஆம் ஆண்டின் தொடக்கம். அரசவை அப்பொழுது அஜ்மீரில் இருந்தது. குர்ரம் என்ற பெயருடன் இளவரசராக இருந்த ஷாஜகானுக்கு 24 வயது நிறைந்ததை ஒட்டித் துலாபாரச் சடங்கு நடைபெற்றது. மணமாகி மக்கட்பேறும் பெற்றிருந்த அவர், அந்நாள்வரை மதுவைத் தொட்டவரல்லர். தந்தை ஜகாங்கீர் அன்று மகனை அருகே அழைத்தார். அரசரும் அரசிளங்குமரரும் மது அருந்துவது வழக்கந்தான் என்றும், விழா நாட்களில் அளவோடு அருந்துவதில் பிழையில்லை என்றும் எடுத்துரைத்தார். மகன் தயங்கினார். தந்தை மிகவும் வற்புறுத்தி முதற் கிண்ணத்தை அருந்தச் செய்தார். இது பகைவர் கட்டிய கதையன்று. ஜகாங்கீரே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருப்பது.

இன்றைய தில்லியில் 25 வயது நிறையாத எவருக்கும் மது விற்கலாகாது என்று 2009ஆம் ஆண்டின் தில்லி ஆயத்தீர்வைச் சட்டம் விதிக்கிறது. தமிழ்நாட்டில் அவ்வயது 21. செங்கோட்டையைக் கட்டியவர் இன்று அதே வயது இளைஞராக இருந்தால், தில்லிக் கடைக்காரர் அவருக்கு மது விற்க மறுத்தாக வேண்டும். ஆனால் அவருக்குக் கிண்ணம் கடையிலிருந்து வரவில்லை. பெற்ற தந்தையிடமிருந்து வந்தது. இளம் பிள்ளைகளைக் குடியினின்றும் போதைப் பொருளினின்றும் காப்பதற்கு நம் நாட்டில் நடந்த முயற்சிகளின் வரலாற்றை நோக்குமிடத்து, இந்த ஒரு செய்தியே வெவ்வேறு வடிவில் பலமுறை எதிர்ப்படுகிறது.

இதனைப் பிறருக்கு உபதேசமாக மட்டும் சொல்லிச் செல்வது முறையன்று. நம் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறோம். நான்கு ஆண்டுகளுக்கு முன், பதவி உயர்வு கிடைத்ததை முன்னிட்டு நண்பர்கள் சிலரை வீட்டிற்கு அழைத்திருந்தோம். விருந்தில் மதுவும் இருந்தது. ஊரில், பெரியவர்கள் இருக்கும் வீட்டில், கனவிலும் நடவாத காரியம். தில்லியில் யார் கேட்கப்போகிறார்கள் என்ற துணிவு. ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த மகனைச் சோடா வாங்கிவர அனுப்பினோம். ஐஸ் கட்டி எடுத்துவரச் சொன்னோம். விருந்தினர் போனபின் கண்ணாடித் தம்ளர்களை அவனே சமையலறைக்குக் கொண்டுசென்றான். சற்று நேரங்கழித்து நாம் உள்ளே போனபொழுது, எல்லாவற்றிலும் எஞ்சியிருந்ததை ஒரே தம்ளரில் ஊற்றி, விளக்கின் எதிரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். “அப்பா, இதைக் குடித்துவிட்டு எல்லாரும் ஏன் அவ்வளவு சிரித்தீர்கள்?” என்று கேட்டான். தம்ளரை வாங்கிக் கொட்டினோமேயன்றி, விடை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதே உண்மை. அக்கேள்வி மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தமையால் பழைய நூல்களைப் படிக்கத் தொடங்கினோம். அப்படிப்பிலிருந்து எழுந்ததே இந்தப் பேச்சு.

மீண்டும் ஜகாங்கீரிடம் செல்வோம். மகனுக்குக் கிண்ணம் நீட்டிய அத்தந்தைக்கு முதலில் மதுவைக் கொடுத்தவர் யார்? அதனையும் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். கைக்குழந்தையாக இருந்தபொழுது இருமலுக்கு மருந்தென்று தாயும் செவிலியரும் சிறிது சாராயத்தை நீரும் பன்னீரும் கலந்து இரண்டு மூன்று முறை புகட்டியதுண்டாம். பின்பு 18 வயதுவரை அவர் அதனைத் தொடவில்லை. அக்பரின் படை சிந்து நதிக்கரையில் அட்டக் என்னுமிடத்தில் தங்கியிருந்த காலத்தில், ஒருநாள் வேட்டையாடிக் களைத்துப் போனார். உடனிருந்த துப்பாக்கி வீரர் உஸ்தாத் ஷா குலி என்பவர், ஒரு கிண்ணம் மது அருந்தினால் களைப்பு நீங்கும் என்றார். அரண்மனை மருத்துவரிடமிருந்து இனிப்பான மது ஒன்றரைக் கிண்ணம் வந்தது. சுவை பிடித்துவிட்டது. அன்று தொடங்கியது நாளுக்கு நாள் வளர்ந்து, ஒன்பது ஆண்டுகளில் இருமுறை காய்ச்சி வடித்த சாராயம் நாளொன்றுக்கு 20 கிண்ணம் என்ற அளவை எட்டியது. கை நடுங்கிக் கிண்ணத்தைப் பிடிக்க இயலாமல், பிறர் பிடித்துப் புகட்ட வேண்டிய நிலை வந்தது. மருத்துவர் கண்டித்துச் சொன்னபின், பல ஆண்டுகள் முயன்று அளவைக் குறைத்தாரேயன்றி அடியோடு விட அவரால் இயலவில்லை.

அவருடைய தம்பியர் இருவர் அந்த அளவுகூடத் தப்பவில்லை. முராத் 1599இல் குடியினால் மாண்டார். இளையவரான தானியேல் அதே வழியில் செல்வதைக் கண்ட அக்பர், தக்காணத்திலிருந்த அம்மகனைக் காக்கத் தம்மால் இயன்ற ஏற்பாடுகளையெல்லாம் செய்தார். தானியேலின் மாமனாரும் படைத்தலைவருமான அப்துர் ரகீம் கான்-இ-கானானிடம் பொறுப்பை ஒப்படைத்தார். மது உள்ளே போகாதபடி காவலரை நிறுத்தினார்கள். அப்பொழுது தானியேல் தம் பணியாட்களிடம் கெஞ்சினார். அவர்களும் இரக்கப்பட்டு, துப்பாக்கிக் குழலில் சாராயத்தை ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். குழலின் துருவும் அதில் கலந்தது. அதனைக் குடித்த இளவரசர் பின்னர் எழுந்து நடமாடவில்லை. பேரரசின் காவல் முழுவதையும் ஒரு துப்பாக்கிக் குழல் தோற்கடித்துவிட்டது.

1605இல் பட்டமேறிய ஜகாங்கீர் பிறப்பித்த பன்னிரண்டு ஆணைகளுள் ஒன்று, மது காய்ச்சுவதையும் விற்பதையும் தடை செய்தது. அவ்வாணையைக் குறிக்கும் இடத்திலேயே, தாம் 18 வயதிலிருந்து 38 வயதுவரை இடைவிடாது குடித்து வருவதையும் எழுதுகிறார். ஆணை ஒருபுறம், அரசர் கையில் கிண்ணம் ஒருபுறம். மக்கள் எதனைப் பார்த்துக் கற்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அரண்மனைக் காவல் பயன்படவில்லை என்றால், நகர் முழுவதற்கும் காவல் வைத்துப் பார்க்கலாமே என்று தோன்றலாம். அதனையும் தில்லி மாநகரம் ஜகாங்கீருக்கு முந்நூறு ஆண்டுகள் முன்னரே கண்டிருக்கிறது. 1296 முதல் 1316 வரை ஆண்ட அலாவுதீன் கில்ஜி, குடிக் கூட்டங்களில் அரசுக்கு எதிரான சதி விளைகிறது எனக் கருதி மதுவைத் தடை செய்தார். வரலாற்றாசிரியர் பரணி இதனை விரிவாக எழுதியிருக்கிறார். சுல்தான் முதலில் தாமே குடியை விட்டார். தம் சீனப் பீங்கான்களையும் கண்ணாடிக் கிண்ணங்களையும் உடைக்கச் செய்தார். அரண்மனை மது முழுவதையும் பதாயூன் வாயிலின் முன் கொட்டியதால், மழைக்காலம் போலத் தெரு சேறாயிற்றாம். தடையை மீறியவர்களை அடைக்க வாயிலுக்கு வெளியே குழிகள் தோண்டப்பட்டன. அக்குழிகளில் பலர் மாண்டனர். அப்படியிருந்தும் மக்கள் தோற்பைகளில் மதுவை நிரப்பி வைக்கோற் கட்டுக்குள்ளும் விறகுச் சுமைக்குள்ளும் மறைத்துக் கொண்டுவந்தார்கள். முடிவில் சுல்தானே ஆணையைத் தளர்த்தினார். விற்காமலும் கூட்டம் கூட்டாமலும் அவரவர் வீட்டிற்குள் காய்ச்சிக் குடிப்பவரைத் தொடவேண்டாம் என்றார். வாயில்வரை வந்த சட்டம் வீட்டுக் கதவின் முன் நின்றுவிட்டது. கதவுக்கு உட்புறத்தில்தான் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இவையெல்லாம் அரசர் கதைகள். ஏழை எளியவர் வீட்டில் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்று எண்ண வேண்டாம். பம்பாய்ப் பஞ்சாலைகளில் வேலை செய்த தாய்மார், தாம் திரும்பும்வரை கைக்குழந்தை அழாமல் உறங்கவேண்டும் என்று அபின் கலந்த சிறு மாத்திரையைக் கொடுத்து வந்தனர். 1920களில் தொழிலாளர் நிலையை ஆராய்ந்தவர்கள் இவ்வழக்கம் பரவியிருந்ததைக் கண்டு திடுக்கிட்டார்கள். 1929 முதல் 1931 வரை இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த விட்லி ஆணையமும் இதனைக் கருத்தில் கொண்டது. ஆலைகளில் குழந்தைக் காப்பகங்கள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அத்தாய்மார் கொடியவரல்லர். நெடுநேரம் உழைத்துக் களைத்தவர்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டியோ அத்தையோ அருகில் இல்லாதவர்கள். கிராமத்தை விட்டு நகரத்திற்கு வந்தவர்கள். அபினை விலக்கச் சட்டம் மட்டும் போதாது, பிள்ளையை ஏந்திக்கொள்ள ஒரு மடியும் வேண்டும் என்பதை அக்காப்பகப் பரிந்துரை உணர்த்திற்று.

இனி நம் தமிழகத்தைப் பார்ப்போம். அங்கே கிண்ணத்தை நீட்டிய கைகளுள் அரசாங்கத்தின் கையும் ஒன்று. 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டத்தின் கீழ்க் கள்ளுக்கடை, சாராயக்கடை நடத்தும் உரிமைகள் ஏலம் விடப்பட்டன. கள் இறக்கும் மரத்துக்கு மர வரி விதிக்கப்பட்டது. மாகாணத்தின் வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இவ்வழியில் வந்துகொண்டிருந்தது. ஊருக்கு ஊர் கடை இருந்தமையால், மாலையில் தந்தையைத் தேடிக் கடைக்குப் போகும் சிறுவன் அவ்விடத்தின் மணத்தையும் பேச்சையும் பழகியே வளர்ந்தான்.

இதனை எதிர்த்தவர்கள் முதலில் தங்கள் வீட்டிலிருந்தே தொடங்கினார்கள் என்பது குறிக்கத்தக்கது. 1921இல் ஈ. வெ. ராமசாமிப் பெரியார், கள் இறக்கப் பயன்படும் என்பதற்காகத் தம் தோப்பிலிருந்த நூற்றுக்கணக்கான தென்னை மரங்களை வெட்டச் செய்தார். ஈரோட்டில் நடந்த கள்ளுக்கடை மறியலில் அவருடைய மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் தெருவில் இறங்கி நின்றார்கள். 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவிய ராஜாஜி, 1929இல் மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்ற மாத இதழைத் தொடங்கினார். பிற்காலத்தில் கல்கி என்று தமிழர் அனைவரும் அறிந்த கிருஷ்ணமூர்த்தி அதில் உடனிருந்து உழைத்தார். அறிக்கையும் கண்டனமும் படியாதவரைச் சென்றடைய மாட்டா என்பதை உணர்ந்து, கதைகளாலும் படங்களாலும் அவ்விதழ் பேசிற்று.

1937இல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானார். அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் நாள், ஏறத்தாழ 24 இலட்சம் மக்கள் வாழ்ந்த சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. கலெக்டராக இருந்த டிக்சன் என்னும் ஆங்கிலேயர் அதனை முனைந்து நடத்தினார். கடைகளை மூடியதோடு பணி நின்றுவிடவில்லை என்பதே சேலத்தின் சிறப்பு. இதுகாறும் கள்ளுக்கடையில் கழிந்த மாலைப் பொழுதுக்கு மாற்றாகத் தேநீர்க் கடைகளும் பஜனைகளும் விளையாட்டுகளும் ஏற்பாடாயின. மிஞ்சும் காசைச் சேர்த்து வைக்கும் பழக்கத்தையும் ஊக்கினார்கள். சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் பி. ஜே. தாமஸ் இதன் விளைவுகளை ஆராய்ந்தபொழுது, கடைக்குப் போன பணம் உணவுக்கும் துணிக்கும் திரும்பியிருப்பதைக் கண்டார். பின்னர்ச் சித்தூர், கடப்பை, வட ஆர்க்காடு மாவட்டங்களுக்கும் மதுவிலக்கு பரவிற்று. இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டே அமைச்சரவை விலகிற்று. போர்க்காலத்தில் மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டது. விடுதலைக்குப் பின், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில், 1948 அக்டோபர் 2ஆம் நாள் சென்னை மாகாணம் முழுவதிலும் அது நிறைவேறியது.

அடுத்த மாதமே இக்கேள்வி நம் தில்லிக்கு வந்தது. 1948 நவம்பர் 24ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில், மதுவையும் உடல்நலத்திற்குக் கேடான போதைப் பொருள்களையும் மருத்துவத்திற்கன்றிப் பிறவாறு நுகர்வதைத் தடுக்க அரசு முயலவேண்டும் என்ற திருத்தத்தின்மீது விவாதம் நடந்தது. மகாவீர் தியாகி அதற்காக வாதாடினார். பழங்குடி மக்களின் பிரதிநிதியான ஜெய்பால் சிங், அரிசி மது தம் மக்களின் சமயச் சடங்குகளோடு பிணைந்தது என்று கூறி எதிர்த்தார். இரு தரப்பையும் கேட்டபின் சபை திருத்தத்தை ஏற்றது. அதுவே அரசியலமைப்பின் 47ஆம் உறுப்பில் இடம்பெற்றது. மக்களின் உணவுத் தரத்தையும் வாழ்க்கைத் தரத்தையும் உயர்த்துவது அரசின் முதற்கடமை என்று கூறும் அதே உறுப்பில் மதுவிலக்கும் அமைந்திருக்கிறது. அரசாங்க ஆவணங்களை மொழிபெயர்ப்பதைத் தொழிலாகக் கொண்ட நமக்கு, சோற்றையும் குடியையும் ஒரே உறுப்பில் வைத்த அந்த அமைப்பு பொருள் பொதிந்ததாகவே தோன்றுகிறது.

1948 முதல் 1971 வரை, இருபத்து மூன்று ஆண்டுகள், சட்டப்படியான கள்ளுக்கடையைக் கண்ணாற் காணாமலே ஒரு தலைமுறை தமிழகத்தில் வளர்ந்தது. நம் பெற்றோர் அத்தலைமுறையினர். கள்ளச்சாராயம் இல்லாமலில்லை, ஆனால் அது மறைவிடத்தில் இருந்தது, பள்ளிக்குப் போகும் வழியில் இல்லை. 1971 ஆகஸ்டில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 1974இல் மீண்டும் வந்தது. 1981இல் மறுபடி நீங்கிற்று. 1983இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக், தொடங்கப்பட்டு, 2003 முதல் சில்லறை விற்பனையையும் அரசு நிறுவனமே மேற்கொண்டது. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் 60க்கு மேற்பட்டோர் உயிரைக் குடித்தது. தாய் தந்தை இருவரையும் ஒருசேர இழந்த பிள்ளைகளும் அங்கே உண்டு. தடை இருந்தபொழுதும் இல்லாதபொழுதும் துன்பம் வந்திருக்கிறது. ஆகவே சட்டம் வேண்டாம் என்பது நம் கருத்தன்று. சட்டம் கடையை மூடலாம். மூடிய கடையின் இடத்தில் எதனை வைப்பது என்பதைச் சேலத்தைப் போல ஊரார்தாம் தீர்மானிக்க வேண்டும்.

ஊரைவிட்டு வந்த தமிழர்க்கு ஊரார் என்று யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி இங்கே எழும். நம்மைப் போன்றே ஊரைவிட்டுப் போன தமிழர் ஒரு காலத்தில் இதற்கு விடை கண்டார்கள். மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் பால் மரம் சீவிய நம் மக்களுக்குத் தோட்டத்திலேயே கள்ளுக்கடை இருந்தது. கூலியில் ஒரு பகுதி அங்கேயே திரும்பிப் போயிற்று. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபொழுது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதையும் தங்கள் கோரிக்கையாக வைத்தார்கள். போர் முடிந்தபின் கெடா மாநிலத்தில் பெடோங்கை அடுத்த ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் ‘தொண்டர் படை’ எழுந்தது. இந்திய தேசிய இராணுவத்தின் கட்டுப்பாட்டை நேரில் கண்டிருந்த இளைஞர்கள் அதில் சேர்ந்தார்கள். 1946, 1947ஆம் ஆண்டுகளில் அவர்கள் தோட்டம் தோட்டமாகச் சென்று கள்ளுக்கடை வாயிலில் நின்று உடன்பிறப்புகளைத் திருப்பி அனுப்பினார்கள்.

அவ்வியக்கத்தில் குறையும் இருந்தது. குடித்தவரைத் தண்டிக்கும் அளவுக்கு அது கடுமை காட்டிற்று. 1947இன் தொடக்கத்தில் பெடோங்கில் மறியல் போலீசாருடன் மோதலாக மாறிற்று, சாமி சிறைப்பட்டார், இயக்கம் ஒடுக்கப்பட்டது. எனினும் ஒன்றை மறக்கலாகாது. எந்த வயதினரைக் குடியினின்றும் காக்க வேண்டும் என்று நாம் இன்று கவலைப்படுகிறோமோ, அந்த வயதை ஒட்டியவர்கள்தாம் அங்கே காவலராக நின்றார்கள். இளைஞர் கையில் பொறுப்பைக் கொடுத்தபொழுது கிண்ணம் அக்கையில் ஏற இடமில்லாமற் போயிற்று. அயலூரில் தமிழர் தமக்கென ஒரு தெருவை, ஓர் ஊராரை, தாமே உண்டாக்கிக் கொண்டார்கள். தில்லித் தமிழ்ச் சங்கம் தோன்றியதும் அதே 1946இல்தான். தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளின் தொடக்கமோ 1920களைச் சேர்ந்தது. ஊராரை உண்டாக்கிக்கொள்ளும் வேலையை நம் முன்னோர் இங்கும் செய்தே வைத்திருக்கிறார்கள்.

அவ்வூரார் இன்று கண் விழித்திருக்க வேண்டிய காரணங்கள் உள்ளன. மத்திய சமூகநீதி அமைச்சகத்திற்காக அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வு, மூச்சில் உறிஞ்சும் போதைப் பொருள்களைப் பற்றி ஒரு செய்தியைக் கூறுகிறது. 10 முதல் 17 வயதுவரை உள்ளவருள் 1.7 சதவீதத்தினர் அவற்றைப் பயன்படுத்துகின்றனர். வளர்ந்தவருள் அவ்விகிதம் 0.58 சதவீதமே. பெரியவரைவிடச் சிறுவர் மிகுதியாக ஆட்பட்டிருக்கும் போதை இஃது ஒன்றே. ஒயிட்னர், தின்னர், பஞ்சர் ஒட்டும் பசை போன்றவை எழுதுபொருட் கடையிலும் வண்ணக் கடையிலும் கிடைப்பவை. வீட்டு அலமாரியிலும் இருப்பவை. அவற்றைத் தேடி எவனும் இருட்டுச் சந்துக்குப் போகவேண்டியதில்லை.

2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு, தகுதி பெற்ற மருத்துவரின் கட்டளையின்றிச் சிறார்க்கு மதுவோ போதைப் பொருளோ புகையிலையோ கொடுப்பவர்க்கு ஏழு ஆண்டுவரை கடுங்காவலும் ஓரிலட்சம் ரூபாய்வரை அபராதமும் விதிக்கலாம் என்கிறது. இங்கே குற்றம் குடித்த பிள்ளையின்மீது சுமத்தப்படவில்லை. கொடுத்த கையின்மீது சுமத்தப்படுகிறது. நம் வரலாறு முழுவதும் சொல்லிவந்ததை இப்பிரிவு சட்டமொழியில் சொல்லுகிறது.

ஆகவே நாம் செய்யக்கூடியவை புதுமையானவை அல்ல. சளி பிடித்த குழந்தைக்கு ஒரு சொட்டு பிராந்தி என்று நம் வீடுகளில் இன்னும் சிலர் சொல்லுவதுண்டு. ஜகாங்கீரின் செவிலியர் சொன்னதும் அதுவே. அதனை விட்டுவிடுவோம். களைப்புக்கு ஒரு கிண்ணம் என்று சொன்ன உஸ்தாத் ஷா குலி இன்று மாமனாகவும் சித்தப்பனாகவும் மூத்த மாணவனாகவும் வருவான். அவனுக்கு என்ன மறுமொழி சொல்வது என்பதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுப்போம். பிள்ளையைச் சோடா வாங்க அனுப்ப வேண்டாம். புட்டி இருக்கும் மேசையில் பரிமாறச் சொல்ல வேண்டாம். பள்ளி விட்டு வந்து, தாய் தந்தை அலுவலகத்திலிருந்து திரும்பும்வரை உள்ள அந்த மூன்று மணி நேரத்துக்கு ஒரு மடி தேடுவோம். நூலகமோ, விளையாட்டுத் திடலோ, சங்கத்தின் இசை வகுப்போ, அடுத்த வீட்டு மாமியோ அந்த மடியாகலாம். குடியிருப்பில் பொங்கலோ விழாவோ நடத்தும்பொழுது, நாற்காலி போடுவதிலிருந்து கணக்கு எழுதுவதுவரை பதினாறு வயதினரிடம் பொறுப்பை ஒப்படைப்போம்.

இவ்வளவும் செய்தும் ஒரு பிள்ளை வழி தவறினால், தானியேலைப்போல் காவலுக்குள் பூட்டிவைப்பதால் பயனில்லை. ஊரார் அறிந்தால் மானம் போகும் என்று மறைப்பதாலும் பயனில்லை. அது நோய், மருத்துவம் உண்டு. குடிக்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி. டி. ரங்கநாதன் ஆராய்ச்சி நிறுவனம், நோயாளியோடு குடும்பத்தாரையும் அழைத்து உட்காரவைத்துச் சிகிச்சை செய்யும் முறையைத் தமிழகத்திற்குப் பழக்கிற்று. தில்லியை ஒட்டிய காஜியாபாதில் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் போதைச் சிகிச்சை மையம் இருக்கிறது. 14446 என்ற எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

ஷாஜகானைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. தந்தை வற்புறுத்திக் கொடுத்த மதுவை, 1620களின் தொடக்கத்தில் தக்காணத்தின்மேல் படையெடுத்துச் செல்லுகையில், அவர் விட்டுவிட முடிவு செய்தார். வைத்திருந்த மதுவைச் சம்பல் ஆற்றில் கொட்டச் செய்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். 24 வயதுவரை அவர் பழகியிருந்த மறுப்பே திரும்பிப் போக அவருக்கு வழி காட்டியிருக்கும் என்று நாம் எண்ணுகிறோம்.

நம் மகனுக்கு இப்பொழுது 18 வயது. இந்தப் பேச்சை எழுதி முடித்தபின் அவனிடம் படித்துக் காட்டினோம். அன்று அவன் கேட்ட கேள்விக்கு விடையாக, நாம் சிரித்தது மதுவினால் அன்று என்றும், நெடுநாள் காணாத நண்பர்கள் கூடியதனால் என்றும், மது இல்லாமலும் அப்படிச் சிரித்திருக்க முடியும் என்றும் சொன்னோம். சிறிது நேரம் பேசாமலிருந்தவன், “இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, அப்பா” என்றான். அவன் சொன்னது சரி. நேயர்கள் வீட்டில் அக்கேள்வி இன்னும் எழவில்லை என்றால், எழுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.